உண்டியலும் பாலமும்

உண்டியல் என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்குத் திருப்பதி நினைவுக்கு வரும். வியாபாரிக்கு அது வேறு. ஓர் ஊரில் பணத்தைக் கட்டிச் சீட்டு எழுதி வாங்கி, வேறோர் ஊரில் அந்தச் சீட்டைக் காட்டிப் பணம் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கும் உண்டியல் என்றே பெயர். படாபஜார் கத்திகளில் அதை ஹுண்டி என்றார்கள். நகரத்தார் கணக்கில் உண்டி. 'ஹுண்டிகா' என்ற வடசொல்லோடு இதைத் தொடர்புபடுத்துவார்கள். சொல் எங்கிருந்து வந்தாலும் பொருள் ஒன்றுதான்: பணம் நடக்காது, எழுத்து நடக்கும்.

இந்தப் பழைய சங்கதியை இப்போது எடுக்கக் காரணம் உண்டு. சால்ட் லேக் செக்டர் ஐந்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர், "எத்தீரியத்திலிருந்து பாலிகனுக்கு பிரிட்ஜ் பண்ணினேன்" என்று சர்வ சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். பெற்றோருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. போகிற பணமோ அவர்கள் சம்பளப் பணம். சில வீடுகளில் அப்பாவின் ஓய்வூதியமும் அதில் கலந்திருக்கிறது. கணினி மொழி தெரியாதவர்கள் இதை எப்படிப் புரிந்துகொள்வது? பேரேடு எழுதத் தெரிந்தவனுக்கு இது அவ்வளவு அந்நியமான விஷயமில்லை என்பது என் எண்ணம். அந்த வழியாகவே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் பேரேடு. நம் சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டி வரும் பொய்லா பொய்ஷாக் அன்று இங்கே கடைக்குக் கடை ஹால்காதா நடக்கிறது. சிவப்புத் துணி அட்டை போட்ட புதுக் கணக்குப் புத்தகத்துக்குக் காளிகாட்டில் பூஜை போட்டு, வாடிக்கையாளருக்கு மிட்டாய்ப் பெட்டி கொடுத்துப் பழைய பாக்கியை வசூலிப்பார்கள். அந்தப் புத்தகம் கடைக்காரர் ஒருவர் கையில் இருக்கிறது. அவர் இரவில் ஒரு வரியை மாற்றி எழுதினால் நமக்குத் தெரியாது. பிளாக்செயின் என்பது அதே கணக்குப் புத்தகம்தான். ஆனால் ஒரே புத்தகத்தின் நகல் ஆயிரக்கணக்கான பேரிடம் இருக்கும். ஒருவர் ஒரு வரியை மாற்றினால் மற்ற நகல்கள் ஒத்துப்போகாது. மேலும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்தைய பக்கத்தின் முத்திரை பதிந்திருக்கும். நடுவில் ஒரு பக்கத்தைத் திருத்தினால் அடுத்த பக்கங்கள் எல்லாம் பொய்த்துவிடும். பிட்காயின் பேரேடு 2009 ஜனவரியிலும், எத்தீரியம் பேரேடு 2015 ஜூலையிலும் தொடங்கின. அதன் பிறகு வந்தவை ஏராளம்.

சிக்கல் இங்கேதான் வருகிறது. ஒவ்வொரு பேரேடும் தன்னைப் பற்றி மட்டுமே அறியும். பிட்காயின் பேரேட்டை வைத்திருப்பவர்கள் அதில் எழுதியதைச் சரிபார்ப்பார்கள்; எத்தீரியத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் பார்ப்பதே இல்லை. காரைக்குடிக் கணக்குப்பிள்ளைக்கு ரங்கூன் பெட்டியடியில் என்ன இருக்கிறது என்று கண்ணால் காண முடியாது அல்லவா, அதே மாதிரி. அப்படியானால் ஒரு பேரேட்டிலுள்ள சொத்து இன்னொரு பேரேட்டுக்கு எப்படிப் போகும்?

போகாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் 'பிரிட்ஜ்' என்ற பெயரே ஆளை ஏமாற்றுகிறது. ஹௌரா பாலத்தில் லாரி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நிஜமாகவே போகிறது. பிளாக்செயின் பாலத்தில் அப்படியில்லை. ஹௌரா பக்கம் லாரியை ஒரு கிடங்கில் நிறுத்திப் பூட்டுகிறார்கள். பூட்டியாகிவிட்டது என்ற செய்தி மட்டும் ஆற்றைக் கடக்கிறது. செய்தி கிடைத்ததும் படாபஜார் பக்கம் அச்சு அசலாக அதே மாதிரி ஒரு லாரியைச் செய்து கையில் கொடுக்கிறார்கள். திரும்பிப் போக வேண்டுமென்றால் இந்த லாரியை உடைத்துப் போட வேண்டும். உடைத்தாகிவிட்ட செய்தி போனதும் அங்கே பழைய லாரியின் பூட்டைத் திறப்பார்கள். பூட்டிவிட்டு அச்சடிப்பது, எரித்துவிட்டுத் திறப்பது என்று தொழிலில் சொல்கிறார்கள். ஆக, ஆற்றைக் கடப்பது சரக்கு இல்லை, சாட்சியம். சாட்சி பொய்யானால் கிடங்கில் ஒன்றும் இல்லாமலே இங்கே லாரி உருவாகிவிடும். அல்லது இங்கே ஒன்றும் உடையாமலே அங்கே பூட்டுத் திறந்துவிடும். இந்தத் துறையில் நடந்த பெரிய கொள்ளைகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

சாட்சியத்தை எப்படிப் பத்திரப்படுத்துவது என்பது உண்டியல்காரர்களுக்குப் பழகிப்போன கேள்வி. பதினெட்டாம் நூற்றாண்டில் வங்காளத்தின் வரிப்பணம் டெல்லிக்கு முர்ஷிதாபாத் ஜகத் சேட் குடும்பத்தின் உண்டியல்கள் வழியாகப் போனது. வெள்ளி நாணயத்தை வண்டியில் ஏற்றிக் காவலோடு அனுப்புவதற்குப் பதில் ஒரு காகிதம். 'உலகச் செட்டி' என்று பொருள்படும் அந்தப் பட்டத்தை 1720களில் முகலாயப் பேரரசர் முகம்மது ஷா அந்தக் குடும்பத்து ஃபதேசந்துக்குக் கொடுத்தார். அவர்கள் சமணர்கள், ராஜஸ்தானத்து நாகௌரிலிருந்து கிழக்கே வந்தவர்கள். (அவர்கள் ஸ்வேதாம்பரர், தமிழ்ச் சமணராகிய நாங்கள் திகம்பரர், கணக்கு வழக்கில் அந்த வித்தியாசம் கிடையாது.) மஹிமாபூரில் அவர்கள் வீடு இன்று காட்சியகமாக இருக்கிறது. ஹசார்துவாரி பார்க்கப் போகிறவர்கள் அதையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.

உண்டியலில் பல சாதி உண்டு. காட்டியவுடன் பணம் கொடுக்க வேண்டியது தர்சனி. நம்மவர் தர்சன உண்டி என்பார்கள். தவணை கழித்துக் கொடுப்பது முத்ததி, நம்மிடம் தவணை உண்டி. ஷாஜோக் என்று ஒரு வகை: கடைத்தெருவில் பேர் பெற்ற ஒரு 'ஷா'வின் கை வழியாக வந்தால்தான் பணம் கொடுப்பார்கள். திருடன் வழியில் பறித்துக்கொண்டாலும் அவனுக்காக ஜவாப்தாரியாக நிற்க ஒரு ஷா வேண்டுமே! ஜோக்மி என்று இன்னொன்று: கப்பலில் ஏற்றிய சரக்கு பத்திரமாகக் கரை சேர்ந்தால்தான் பணம், கப்பல் முழுகினால் உண்டியலும் முழுகியது. உண்டியல் தொலைந்துபோனால் இரண்டாம் நகல் உண்டு, அதற்குப் பேட் என்று பெயர். அதுவும் தொலைந்தால் மூன்றாவது, பர்பேட். பணம் கொடுத்து முடித்துக் கோடு கிழித்த உண்டியலுக்குக் கோகா என்று பெயர். வங்காளியில் கோகா என்றால் சின்னப் பையன். பல்லும் நகமும் இல்லாத காகிதம் என்று வேடிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். கோகா ஆக்காமல் விட்ட உண்டியல் எவ்வளவு ஆபத்து என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இன்றைய பாலங்களுக்கு வருவோம். மிகச் சுலபமான ஏற்பாடு, ஷாஜோக் மாதிரி, சில பெரிய மனிதர்களைச் சாட்சிக்கு வைப்பது. ஒன்பது பேர் இருப்பார்கள், அவர்களில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் கிடங்கு திறக்கும் என்பது போல. ரோனின் என்ற பாலம் அப்படித்தான் இருந்தது. ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற விளையாட்டுக்காக வியட்நாமில் உள்ள ஸ்கை மேவிஸ் நிறுவனம் நடத்தியது. ஒன்பது சாவியில் நாலு அந்த ஒரே நிறுவனத்திடம் இருந்தன. ஐந்தாவது சாவி ஆக்ஸி சமூகத்தின் சங்கத்துடையது. 2021 நவம்பரில் கூட்டம் அதிகமாக இருந்ததால், அந்தச் சங்கம் தன் பேரில் கையெழுத்துப் போட ஸ்கை மேவிஸுக்கு அதிகாரம் கொடுத்தது. டிசம்பரில் அந்த ஏற்பாடு நின்றது. ஆனால் கொடுத்த அதிகாரத்தை முறைப்படி ரத்து செய்யவில்லை. ஊருக்குப் போன பங்காளி எழுதிக்கொடுத்த பவர் பத்திரத்தை ரத்து செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர்ப் பத்திர ஆபீஸ் வாசலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2022 மார்ச் 23 அன்று திருடர்கள் அந்த நிறுவனத்துக்குள் நுழைந்து நாலு சாவியையும், இந்தப் பழைய அதிகாரத்தின் வழியாக ஐந்தாவதையும் பிடித்துவிட்டார்கள். 1,73,600 ஈதரும் 2.55 கோடி டாலர் மதிப்புள்ள டாலர் நாணயமும் இரண்டே கையெழுத்தில் போயின. மொத்தம் 60 கோடி டாலர் அளவுக்கு என்று கணக்கிட்டார்கள். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதை வடகொரியாவின் லாசரஸ் கூட்டத்தின் வேலை என்றது.

திருட்டைவிட எனக்குத் திகைப்பாக இருப்பது வேறொன்று. மார்ச் 23-ல் போன பணம் மார்ச் 29-ல்தான் தெரியவந்தது. ஒரு வாடிக்கையாளர் 5,000 ஈதரைத் திரும்ப எடுக்கப் பார்த்தார், வரவில்லை, புகார் செய்தார். அப்போதுதான் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஆறு நாள் கல்லாவில் பணம் இல்லை, கணக்குப்பிள்ளைக்குத் தெரியாது! படாபஜாரில் ஒவ்வொரு கத்தியிலும் இருட்டினபின் ரொக்கத்தை எண்ணி ரோகட்டில் எழுதாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

சாவி எத்தனை என்பதும், எத்தனை ஆள் என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இன்னொரு பாலத்தையும் சொல்ல வேண்டும். மல்டிசெயின் என்று பெயர். அதிகாரம் பலரிடம் பிரிந்திருக்கிறது என்று சொல்லித்தான் நடந்தது. 2023 மே மாதம் அதன் தலைவரைச் சீனப் போலீஸ் கொண்டுபோனது. பிறகுதான், சாவிகள் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் அந்த ஒருவர் பொறுப்பில் இருந்தன என்று கம்பெனியே சொன்னது. ஜூலையில் 12 கோடி டாலருக்கு மேல் பாலத்திலிருந்து வெளியேறியது, பாலம் மூடப்பட்டது.

மனிதச் சாட்சியே வேண்டாம், பேரேடே பேரேட்டைச் சரிபார்க்கட்டும் என்பது அடுத்த வழி. ரங்கூன் கடையின் முழுப் பேரேட்டையும் காரைக்குடிக்கு அனுப்ப முடியாது. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பு முத்திரையை மட்டும் தவறாமல் அனுப்பலாம். பிறகு ஒருவர் வந்து, "அங்கே இன்ன பக்கத்தில் என் பேரில் இவ்வளவு வரவு இருக்கிறது" என்றால், அந்த வரியையும் அது அந்தப் பக்க முத்திரைக்குள் அடங்குகிறது என்பதற்கான கணக்கையும் காட்டச் சொல்லி, இங்கிருந்தே கூட்டிப் பார்க்கலாம். கூட்டல் ஒத்துவந்தால் கொடுப்பது, இல்லாவிட்டால் வாசலைக் காட்டுவது. யார் கொண்டுவந்தார், நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே வேண்டாம். காஸ்மாஸ் என்ற பேரேட்டுக் குடும்பம் 2021 முதல் இப்படித்தான் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கிறது. அதற்கு ஐ.பி.சி. என்று பெயர், நமக்குத் தண்டனைச் சட்டம் ஞாபகம் வருகிறது, இது வேறு. என் பார்வையில் இதுதான் மேலான வழி. ஆனால் கூட்டிப் பார்க்கும் நிரல் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அங்கேதான் நம் நாட்டுக் கதை ஒன்று வருகிறது.

பாலிகன் என்பது இந்தியர்கள் தொடங்கியது. ஜெயந்தி கனானி, சந்தீப் நைல்வால், அனுராக் அர்ஜுன் ஆகியோர் 2017-ல் மாடிக் என்ற பெயரில் ஆரம்பித்தார்கள். 2021-ல் பாலிகன் ஆயிற்று. எத்தீரியத்தில் கூட்டமும் கட்டணமும் அதிகம் என்பதால் பக்கத்திலேயே மலிவான ஒரு பேரேடு, நடுவில் பாலம். அதன் பிளாஸ்மா பாலத்தில் 2021-ல் திரும்பிப் போகும் வழி இப்படி இருந்தது: பாலிகனில் உள்ள நாணயத்தை எரிக்க வேண்டும், எரித்த ரசீதை எத்தீரியத்தில் காட்ட வேண்டும், ஏழு நாள் காத்திருக்க வேண்டும், யாரும் ஆட்சேபிக்காவிட்டால் பூட்டிய பணம் கிடைக்கும். ஒரு ரசீதுக்கு ஒரு முறைதான் பணம். கொடுத்தாகிவிட்டது என்று குறித்துக்கொள்ள ஒவ்வொரு ரசீதுக்கும் ஓர் எண் போட்டிருந்தார்கள். உண்டியலைக் கோகா ஆக்குவது போல.

2021 அக்டோபரில் கெர்ஹார்ட் வாக்னர் என்ற ஆய்வாளர் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். ரசீதின் எண்ணைக் கணக்கிட்ட விதத்தில், அதன் முன்பகுதியில் உள்ள ஒரு துணுக்கை மாற்றி எழுதினாலும் ரசீது செல்லுபடியாகும், ஆனால் எண் மட்டும் புதிதாக வரும். அதாவது உண்டியல் அதே உண்டியல், மேலே முத்திரைக் குத்து மட்டும் வேறு. குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "இந்த எண்ணுக்கு இன்னும் பணம் கொடுக்கலையே" என்று மறுபடி கொடுப்பார். இப்படி ஒரே ரசீதை இன்னும் 223 முறை மாற்றலாம் என்று வாக்னர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு லட்சம் டாலரோடு உள்ளே போனவர் 2.23 கோடி டாலரோடு வெளியே வரலாம். பாலத்தில் அப்போது பூட்டியிருந்தது ஏறத்தாழ 85 கோடி டாலர். அவர் திருடவில்லை, தெரிவித்தார். ஓட்டையை அடைத்தார்கள், ஒரு பைசா போகவில்லை, அவருக்கு 20 லட்சம் டாலர் வெகுமதி. அஸ்தேயம், பிறர் பொருளைக் கொள்ளாமை, எங்கள் ஐந்து விரதங்களில் ஒன்று. அதற்கு இவ்வளவு பெரிய சன்மானம் கிடைத்த வேறு கதை எனக்குத் தெரியாது.

எல்லா ஓட்டையும் நல்லவர் கண்ணில் படுவதில்லை. 2022 பிப்ரவரியில் வார்ம்ஹோல் பாலத்தில், சாட்சிகளின் கையெழுத்தைச் சோதிக்கும் இடத்தில் சோதனை செய்பவரே அசல் ஆள்தானா என்று நிரல் பார்க்கவில்லை. ஒருவன் போலிச் சோதனைக்காரனை நிறுத்திக் கிடங்கில் ஒன்றும் வைக்காமல் 1,20,000 ஈதருக்கான சீட்டை சோலானா பேரேட்டில் அச்சடித்துக்கொண்டான். மதிப்பு சுமார் 32 கோடி டாலர். அதே வருஷம் ஆகஸ்டில் நோமாட் என்ற பாலத்தில் மராமத்து வேலை செய்தபோது, வெற்று முத்திரையையும் நல்ல முத்திரை என்று ஏற்கும்படி அமைந்துவிட்டது. முதல் திருடன் எடுத்ததைப் பார்த்த மற்றவர்கள் அவன் விண்ணப்பத்தையே நகலெடுத்து முகவரியில் தங்கள் முகவரியைப் போட்டு அனுப்பினார்கள். சில மணி நேரத்தில் 19 கோடி டாலர் காலி. லாரி கவிழ்ந்த ரோட்டில் ஜனங்கள் மூட்டை தூக்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலர் பிறகு திருப்பியும் கொடுத்தார்கள். அக்டோபரில் பி.என்.பி. பாலத்தில் முத்திரைக் கணக்கையே போலியாகச் செய்து காட்டி 20 லட்சம் பி.என்.பி. நாணயத்தை எடுத்தார்கள், அந்தப் பேரேட்டையே நிறுத்திவைத்துத்தான் பெரும்பகுதி வெளியேறாமல் தடுத்தார்கள்.

பூட்டவும் வேண்டாம், அச்சடிக்கவும் வேண்டாம் என்று ஒரு வழி இருக்கிறது. அது மாற்று வியாபாரம். 2013-லேயே டியர் நோலன் என்ற பெயரில் எழுதியவர் யோசனை சொன்னார். 2017 செப்டம்பரில் லைட்காயினைத் தொடங்கிய சார்லி லீ, லைட்காயினுக்கும் பிட்காயினுக்கும் இடையே அப்படி ஒரு மாற்றைச் செய்து காட்டினார். இதன் அழகு எனக்கு மிகவும் பிடிக்கும், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

லேக் மார்க்கெட்காரர் ஒருவரிடம் பிட்காயின், சென்னைக்காரர் ஒருவரிடம் லைட்காயின் இருக்கிறது. ஒருவரை ஒருவர் தெரியாது. யார் முதலில் கொடுப்பது? லேக் மார்க்கெட்காரர் மனதுக்குள் ஒரு ரகசியச் சொல்லை நினைத்துக்கொள்கிறார். அந்தச் சொல்லின் கைநாட்டை மட்டும் சென்னைக்கு அனுப்புகிறார். கைநாட்டு என்றேன்: விரலிலிருந்து ரேகை எடுக்கலாம், ரேகையிலிருந்து விரலைச் செய்ய முடியாது, கணினியிலும் அப்படி ஒரு கணக்கு உண்டு. இப்போது லேக் மார்க்கெட்காரர் தன் பிட்காயினைப் பூட்டி நிபந்தனை எழுதுகிறார்: "இந்தக் கைநாட்டுக்கு உரிய சொல்லைச் சொன்னால் சென்னைக்காரர் எடுத்துக்கொள்ளலாம். 48 மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் எனக்கே திரும்பட்டும்." சென்னைக்காரர் அதைப் பேரேட்டில் பார்த்துவிட்டுத் தன் லைட்காயினை அதே கைநாட்டில் பூட்டுகிறார்: "சொல்லைச் சொன்னால் லேக் மார்க்கெட்காரர் எடுக்கலாம், 24 மணிக்குள் இல்லாவிட்டால் எனக்கே." இனி லேக் மார்க்கெட்காரர் லைட்காயினை எடுக்க வேண்டுமென்றால் சொல்லை வெளியே சொல்லியாக வேண்டும். சொன்ன கணத்தில் அது பேரேட்டில் பகிரங்கமாகிவிடும். சென்னைக்காரர் அதைப் படித்து அந்தப் பக்கம் பிட்காயினை எடுத்துக்கொள்வார். இருவருக்கும் கிடைக்கும், அல்லது இருவருக்கும் அவரவர் பொருள் திரும்பும். நடுவில் தரகன் இல்லை. ஜோக்மி உண்டியல் போலவே, நிபந்தனை நிறைவேறினால் பணம், இல்லையேல் இல்லை.

48-க்கும் 24-க்கும் காரணம் உண்டு. இரண்டும் 24 என்றால், லேக் மார்க்கெட்காரர் கடைசி நிமிஷத்தில் சொல்லைச் சொல்லி லைட்காயினை எடுத்துக்கொண்டு, சென்னைக்காரர் சுதாரிப்பதற்குள் கெடு முடிந்து தன் பிட்காயினையும் திரும்ப வாங்கிவிடுவார். சொல்லைத் தெரிந்தவருக்குக் கெடு குறைவாகவும், படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவருக்குக் கெடு அதிகமாகவும் இருந்தே தீர வேண்டும். இதில் குறையும் இல்லாமல் இல்லை. சொல்லைத் தெரிந்தவர் 24 மணி நேரம் விலையை வேடிக்கை பார்க்கலாம். லாபம் என்றால் எடுப்பார், நஷ்டம் என்றால் பேசாமல் இருந்துவிடுவார். அட்வான்ஸ் கொடுக்காமல் நிலத்தைப் பேசி வைத்துக்கொள்கிற மாதிரி. அதோடு, எதிர்ப்பக்கம் சரியாக அதே தொகைக்கு ஆள் வேண்டும், இருவரும் முழித்திருக்கவும் வேண்டும். அதனால்தான் இவ்வளவு பத்திரமான வழி இவ்வளவு குறைவாக நடக்கிறது.

அண்மையில் பரவிவருவது அசல் உண்டியல் வழி. அக்ராஸ் போன்ற ஏற்பாடுகளில், அந்தக் கரையில் சொந்த முதல் வைத்திருக்கும் ஒருவர் உங்களுக்குத் தன் கல்லாவிலிருந்து உடனே கொடுத்துவிடுகிறார். நீங்கள் இந்தக் கரையில் கட்டிய பணத்தைப் பிறகு சரிபார்ப்பு முடிந்தபின் கமிஷனோடு எடுத்துக்கொள்கிறார். யாரும் கொடுக்க முன்வராவிட்டால் கெடு தாண்டியதும் உங்கள் பணம் உங்களுக்கே. காத்திருக்கும் அபாயம் வாடிக்கையாளரிடமிருந்து முதலாளிக்கு மாறிவிடுகிறது. செட்டிநாட்டுக் கடைகள் சென்னைக்கும் ரங்கூனுக்கும் கொழும்புக்கும் பினாங்குக்கும் இடையில் செய்ததும் இதுதான். ஓரிடத்துப் பாக்கியும் மற்றோரிடத்துப் பாக்கியும் ஒன்றுக்கொன்று கழிந்துபோக, மிச்சத்துக்கு மட்டும்தான் ரொக்கம் அசைந்தது.

ரங்கூன் என்றதும் எத்தீரியத்தை உருவாக்கிய விட்டாலிக் புட்டரின் 2022 ஜனவரியில் எழுதிய ஓர் எச்சரிக்கையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாலம் பழுதில்லாமல் இருந்தாலும், சாட்சிகள் அரிச்சந்திரர்களாகவே இருந்தாலும், பூட்டிவைத்த பக்கத்துப் பேரேடே கவிழ்ந்துபோனால் இந்தப் பக்கத்துச் சீட்டுக்கு என்ன மதிப்பு என்பது அவர் வாதத்தின் சாரம். நம் ஜனங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1937-38 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார் கைக்கு வந்திருந்தது. 1930-ல் அது ஆறு சதவீதம்தான். மந்தத்தில் கடன் அடைபடாமல் நிலமாக வந்து சேர்ந்தது. அந்த நிலத்தை நம்பித்தான் செட்டிநாட்டுக் கணக்கில் வரவு நின்றது. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அரக்கான் வழியாகவும் இம்பால் வழியாகவும் நடந்தே வந்தவர்களில் எத்தனையோ பேர் கல்கத்தா வந்துதான் ரயிலேறினார்கள். சண்டை ஓய்ந்த பின் 1948-ல் நில தேசியமயச் சட்டம், 1963-ல் வங்கிகள் தேசியமயம். ஊர்ப் பேரேட்டில் வரி அப்படியே இருந்தது, கையெழுத்தெல்லாம் உண்மை. அக்கரையில் பொருள்தான் இல்லை. பாலத்தில் வாங்கிய 'சுற்றிய' நாணயம், அதாவது வேறொரு பேரேட்டில் பூட்டிய பிட்காயினுக்கான சீட்டு, பிட்காயின் அல்ல என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வங்கியில் போட்ட பணத்துக்கு 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பாலத்தில் பூட்டிய பணத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி உண்டு. ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க விடுவதில்லை. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்தியச் சந்தையில் 23 கோடி டாலர் திருட்டுப் போனது. அது பாலம் அல்ல, ஆனால் அங்கும் பல கையெழுத்துப் பூட்டுத்தான். அந்தச் சந்தையில் நாணயம் வைத்திருந்த ஒருவர் தொடுத்த வழக்கில் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ நாணயம் சொத்து என்ற வரையறைக்குள் வரும், ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கக்கூடியது என்று சொன்னது. சந்தை என்றால் நிறுத்திக் கேட்க ஒரு கம்பெனி இருக்கிறது. பாலத்தில் பல சமயம் நிரல் மட்டும்தான் இருக்கிறது, சம்மன் அனுப்ப விலாசம் இல்லை.

வார்ம்ஹோலில் போன 1,20,000 ஈதரையும் அதன் பின்னால் இருந்த ஜம்ப் கிரிப்டோ தன் பணத்திலிருந்து போட்டு நிரப்பியது. ரோனினுக்கு ஸ்கை மேவிஸ் 15 கோடி டாலர் புது முதல் திரட்டி, 2022 ஜூன் கடைசியில் பாலத்தை மறுபடி திறந்தது. மல்டிசெயினுக்கு அப்படி யாரும் வரவில்லை. ஆகையால் பிள்ளைகள் அடுத்த முறை பிரிட்ஜ் பண்ணும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்: எத்தனை சாவி, எத்தனை ஆளிடம்? ஏழு நாள் காத்திருக்கச் சொல்கிறதே என்று சலித்துக்கொண்டால், அந்த ஏழு நாளில்தான் பொய் ரசீதை யாராவது ஆட்சேபிக்க முடியும் என்று சொல்லுங்கள். முதலில் ஐந்நூறு ரூபாய்க்கு அனுப்பி, அது போய்ச் சேர்ந்து, திரும்பியும் வந்ததைப் பார்த்தபின் மிச்சத்தை யோசிக்கலாம்.